விசிறியின் மேல் போட்ட பழி

அந்த மின்விசிறி ஒரு தவறும் செய்யவில்லை. தவறு செய்தவள் நான்.

சனத்நகரில், தகரக் கூரை போட்ட ஒரு பட்டறையில், பட்டப்பகலில், கூட வேலை செய்கிறவர்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, அதை நோக்கி விரலை நீட்டினேன். அதுதான் காரணம் என்றேன். பொய்! அதைவிட வெட்கக்கேடு என்ன தெரியுமா? அந்தப் பொய்க்காக எனக்குக் கைதட்டினார்கள். சாயாவும் பிஸ்கட்டும் வாங்கிக் கொடுத்தார்கள். நானும் தின்றேன்!

நீங்கள் சிரிக்கிறீர்கள்... சிரியுங்கள். மின்விசிறியின் மேல் பழி போட்டதற்கெல்லாம் ஒரு வாக்குமூலமா என்று நானும் வெகுநாள் சிரித்தவள்தான். சிரிப்பு எந்த இடத்தில் நின்றுபோயிற்று என்று சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன். அதுவரை தாராளமாகச் சிரிக்கலாம்.

என் பெயர் ரேவதி. சொந்த ஊர் திருச்சி. தொழில் வெல்டிங். எங்கள் பக்கத்தில் தெருவில் தடுக்கி விழுந்தால் யாராவது ஒரு வெல்டர் மேல்தான் விழ வேண்டும். அந்த ஊர்த் திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு. திருமணமாகி, கணவருக்கு மாதாப்பூரில் கணினி வேலை என்று ஹைதராபாத் வந்தோம். அவர் குளிரூட்டிய கண்ணாடிக் கட்டடத்துக்குப் போனார். நான் தலையில் முகமூடியும் கையில் தோலுறையுமாகச் சனத்நகருக்குப் போனேன். எங்களில் யார் அதிகம் அலுத்துக்கொண்டு வீடு திரும்பினோம் என்று கேட்காதீர்கள், சத்தியமாக அவர்தான்.

பட்டறை முதலாளி நரசிங் சார் நல்ல மனிதர். ஒரு பெண்ணை வெல்டராகச் சேர்க்கலாமா என்று ஒரு வாரம் யோசித்தார், பிறகு சேர்த்துக்கொண்டார். அதுவரை அங்கே இரும்பு வேலைதான்: கேட், கிரில், மாடிப்படி. திடீரென்று ஒருநாள், ஊருக்கு வெளியே ஏரிக்கரையில் ஒரு ரிசார்ட் கட்டுகிறவர்கள் அலுமினியப் படகுகள் கேட்டு வந்தார்கள். சார் என்னைப் பார்த்தார்.

"அலுமினியம் மிக் வெல்டிங் தெரியுமா?"

"தெரியும் சார்."

தெரியுமா? கல்லூரியில் ஒருமுறை வாத்தியார் செய்து காட்டியபோது, ஐந்தாறு பேர் தோள்களுக்கு இடையே எட்டிப் பார்த்திருக்கிறேன்! அவ்வளவுதான் தெரியும். ஆனால் அந்தப் பட்டறையில் நான் ஒருத்திதான் பெண். தெரியாது என்று ஒருமுறை சொன்னால், அதற்குப் பிறகு ஆயிரம் தெரியும் சொன்னாலும் ஏறாது என்று நினைத்தேன். சரியோ, தவறோ... அப்படித்தான் நினைத்தேன்.

உங்களுக்கு ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் என் குற்றம் விளங்கும். அலுமினியம் உருகும்போது அதன்மேல் சாதாரணக் காற்று படக்கூடாது. பட்டால் உள்ளே குமிழி குமிழியாகி, ஆறிய பிறகு ஊசி ஓட்டைகள் விழும். அதைத் தடுக்கத்தான் ஆர்கான் வாயு. வெல்டிங் துப்பாக்கியின் வாயிலிருந்து கம்பியோடு சேர்ந்து அதுவும் வந்து, உருகிய இடத்தைப் போர்வை மாதிரி மூடிக்கொள்ளும். சிலிண்டரின் தலையில் ஒரு கண்ணாடிக் குழாய், அதற்குள் ஒரு சின்ன உருண்டை. குமிழைத் திருகினால் உருண்டை மேலே ஏறும். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வாயு போகிறது என்று அது காட்டும்.

எத்தனை வைக்க வேண்டும்? அதுதானே எனக்குத் தெரியாது!

இனி பாஸ்கர் அண்ணனைப் பற்றி. பட்டறையின் ஃபிட்டர் அவர். தகடு வெட்டி, வளைத்து, பொருத்திக் கொடுப்பவர். அவருடைய தாத்தா காலத்திலேயே குடும்பம் செகந்திராபாத் வந்துவிட்டது. அப்பா லாலாகுடா ரயில்வே பட்டறையில் இருந்தவர். அண்ணன் பேசும் தமிழில் தெலுங்கும் உருதும் சரிபாதி. முதல்நாள் என்னிடம், "கைக்கு டென்ஷன் மா? நான் இருக்கேன்ல" என்றார். கையில் என்ன டென்ஷன் என்று என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். 'கைக்கு' என்றால் 'எதற்கு' என்று பிறகுதான் புரிந்தது. 'ஹவ்' என்றால் 'ஆமாம்', 'நக்கோ' என்றால் 'வேண்டாம்' என்பதும் அப்படித்தான்.

அந்த விசிறியைச் செய்தவர் அவரே. பழைய இரும்புக் கடையில் கிடைத்த மோட்டாருக்குத் தன் கையால் இறக்கை வெட்டி, கூண்டு கட்டி, சக்கரம் வைத்து... ஆள் உயரம்! அதை எல்லாரும் ஹெலிகாப்டர் என்பார்கள். ஏப்ரல் மாதத்தில் தகரக் கூரைக்கு அடியில் நின்று பாருங்கள், அந்த ஹெலிகாப்டரின் அருமை தெரியும். அது ஓடினால் பட்டறையே கடற்கரை.

படகு வேலை தொடங்குவதற்கு முந்தைய நாள் அவரிடம் நானே சொன்னேன், வெல்டிங் மேசைப் பக்கம் காற்று அடித்தால் வாயு கலைந்துவிடும் என்று. மறுநாள் நான் வருவதற்குள் அவர் விசிறியை வாசல் பக்கம் திருப்பி வைத்திருந்தார்.

"திருப்பிட்டேன் மா. செக் பண்ணிக்கோ."

செக் பண்ணினேன். சாமி படத்துக்கு வைத்திருந்த ஊதுபத்தியில் ஒன்றைக் கொளுத்தி என் மேசையில் நிறுத்தினேன். புகை அசையாமல் நேராக மேலே போயிற்று. என் கண்ணால் பார்த்தேன்! இதை மறக்காதீர்கள்... நான் மறக்கவில்லை.

பிறகு துப்பாக்கியைக் கையில் எடுத்தேன். முதல் வெல்டிங் தையல் கறுப்பாக வந்தது. உடைத்துப் பார்த்தால் உள்ளே ரவா தோசை! அத்தனை ஓட்டை. வாயு போதவில்லை போலிருக்கிறது என்று குமிழைக் கூட்டினேன். இன்னும் மோசம். மேலும் கூட்டினேன். உருண்டை முப்பத்தைந்தில் போய் நின்றது. துப்பாக்கி பாம்பு மாதிரி சீறியது. ஓட்டைகள் குறையவே இல்லை.

முதல் படகின் அடிப்பாகத்தை அப்படியே ஒட்டி, உள்ளே தண்ணீர் ஊற்றிச் சோதித்தோம். வெளியே நீர் கசியக்கூடாது. கசியவா? தூறலே போட்டது! கிரைண்டிங் செய்யும் யாதகிரி அதன் அடியில் உட்கார்ந்து முகம் கழுவிக்கொண்டான்.

நரசிங் சார் வந்தார். வீணான தகடுகளைப் பார்த்தார். வேலையைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று மெல்லக் கேட்டார். கோபித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்... அந்த மெல்லிய குரல்தான் என்னைக் கொன்றது. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். அவர்கள் கண்களில் ஏளனம் இருந்ததா? இல்லை என்றுதான் இப்போது தோன்றுகிறது. அப்போது இருந்ததாக நினைத்தேன்.

விரல் தானாக எழுந்தது.

"அந்த ஃபேன்தான் சார் காரணம். காத்து கேஸைக் கலைச்சிடுது."

பாஸ்கர் அண்ணன் விழித்தார். "நான் காலையிலயே திருப்பிட்டேனே மா... ஹவ், நீகூட செக் பண்ணியே?"

இந்த இடத்தில் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு சொல்! நான் சொன்னது வேறு.

"இல்லண்ணே. நான் செக் பண்ணப்போ இந்தப் பக்கம்தான் பார்த்துட்டு இருந்துச்சு. டீ குடிச்சிட்டு வந்தப்புறம்தான் நீங்க திருப்பினீங்க. அதுக்குள்ள நான் தையலெல்லாம் போட்டுட்டேன். நீங்க மறந்திருப்பீங்க."

அவர் தலையைச் சொறிந்தார். விசிறியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை.

"அப்படியா? ... இருக்கும் மா. எனக்குத்தான் ஞாபகம் இல்ல போல" என்றார். போய் விசிறியை நிறுத்தினார். பின்கட்டுச் சாமான் அறைக்கு அவரே தள்ளிக்கொண்டு போனார். அதன் சக்கரம் கிறீச்சிட்டது.

விசிறி போன பிறகும் ஓட்டை போகவில்லை! போகுமா? முப்பத்தைந்து லிட்டர் சீறிக்கொண்டிருக்கிறதே! ஒரு பொய்க்குத் துணையாக இன்னொன்றைத் தேடினேன். கூரை விசிறிகளையும் நிறுத்துங்கள் என்றேன். ஷட்டரை இறக்குங்கள் என்றேன். ஜன்னலுக்குச் சாக்கு கட்டுங்கள் என்றேன். பட்டறை இட்லிப் பானை ஆயிற்று. ஆண்கள் பனியனோடு வியர்த்துக் கொட்டினார்கள். யாதகிரி மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்து, "மேடம், தும்மலாமா?" என்று தெலுங்கில் கேட்டான். கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டான்! நானும் வெளியே போய்த் தும்மிவிட்டு வா என்று அனுமதி கொடுத்தேன். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்!

சாப்பாட்டு நேரத்தில் கம்ப்ரசருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, திருச்சியில் என்னோடு படித்த ஜோஸ்பினுக்குப் போன் செய்தேன். அவள் அலுமினியத்திலேயே வேலை செய்கிறவள்.

"கேஸ் எவ்வளவு வச்சிருக்க?"

"முப்பத்தஞ்சு."

அந்தப் பக்கம் சிரிப்பு அடங்குவதற்கு வெகுநேரம் ஆயிற்று. "அடி லூசு! நீ வெல்டிங் பண்றியா, பலூன் ஊதுறியா? அவ்வளவு வேகமா விட்டா கேஸ் சுழலும்டி. சுழண்டா வெளிக்காத்தையும் சேர்த்து உள்ள இழுத்துட்டு வரும். பதினஞ்சுல வை. அலுமினியத்தை நல்லாத் தேச்சுச் சுத்தம் பண்ணு. துப்பாக்கியை இழுக்காத, தள்ளிக்கிட்டே போ."

எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சத்தமில்லாமல் போய்க் குமிழை இறக்கினேன். உருண்டை பதினைந்தில் வந்து நின்றது. சீறல் அடங்கி, மெல்லிய ஊதல் மட்டும் கேட்டது. தகட்டைத் தேய்த்துவிட்டு ஒரு தையல் போட்டேன்.

வெள்ளி! அடுக்கி வைத்த காசுகள் மாதிரி வரிவரியாகப் பளபளத்தது! சந்தோஷத்தில் முகமூடிக்குள்ளேயே கத்திவிட்டேன். சாப்பிட்ட கையோடு எல்லாரும் ஓடி வந்தார்கள். மாலைக்குள் அடிப்பாகம் முடிந்தது. தண்ணீர் ஊற்றினோம். ஒரு சொட்டு விழவில்லை. நரசிங் சார் கைதட்டினார். இரானி சாயாவும் உஸ்மானியா பிஸ்கட்டும் வந்தன. "ஒரு ஃபேன் இவ்வளவு வேலை பண்ணியிருக்கே! இந்தப் பொண்ணு கண்டுபிடிச்சாளே!" என்று சார் ஊர் முழுக்கப் போன் செய்தார். எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டியது யார் என்று நினைக்கிறீர்கள்? பாஸ்கர் அண்ணன்!

அப்போது சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் அதற்கு அடுத்த நாள் என்றேன். இப்படியே படகுகளெல்லாம் முடிந்து ஏரிக்குப் போய்ச் சேர்ந்தன. ஜன்னல் சாக்குகள் அவிழ்ந்தன, ஷட்டர் ஏறியது, கூரை விசிறிகள் மறுபடி சுற்றின. முதல் குற்றவாளியான ஹெலிகாப்டருக்கு மட்டும் மன்னிப்பு கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது ஒரு வேடிக்கை. பின்கட்டில் கிடந்த விசிறியை அண்ணன் தன் காலனிக்கு எடுத்துப் போனார். அங்கே ஒரு கல்யாணத்துக்கு இரவல் கேட்டார்கள். பந்தியில் அது போட்ட காற்றில் அப்பளம் பறந்ததாம்! அடுத்த கல்யாணத்துக்கும் கேட்டார்கள். அவர் இன்னொன்று செய்தார். பிறகு இன்னும் சில. இன்று செகந்திராபாத் பக்கம் வெயில் காலத்தில் எந்த விசேஷம் நடந்தாலும் பாஸ்கர் அண்ணனின் விசிறிகள் நிற்கும். பட்டறை வேலையை விட்டு அதையே தொழிலாக்கிக்கொண்டார். என்னைப் பார்க்கும்போதெல்லாம், "உன்னாலதான் மா! நீ அன்னைக்கு அந்தத் தப்பைக் கண்டுபிடிக்கலன்னா நான் இன்னும் தகடுதான் வெட்டிட்டு இருப்பேன்" என்பார்.

கேட்டீர்களா? பொய் ஒரு குடும்பத்தை வாழவைத்துவிட்டது! நான் நிம்மதியாகச் சிரித்தேன். கணவரிடம்கூட ஒரு நகைச்சுவைக் கதையாகச் சொல்லியிருக்கிறேன். என் குற்றத்தை எவ்வளவு சுகமாகத் தோளில் போட்டுக்கொண்டு திரிந்தேன்!

சிரிப்பு நின்ற இடம் அவருடைய மகள் கல்யாணம்.

மண்டபம் முழுக்க அவருடைய விசிறிகள். பெண்களின் முந்தானையெல்லாம் கொடி மாதிரி பறந்தது. அவர் மனைவி சுலோச்சனா அக்கா என்னைப் பந்தியில் உட்காரவைத்துவிட்டு, பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அண்ணன் எங்கே என்றேன்.

"பூட்டு பார்க்கப் போயிருக்கார் மா, வீட்டுக்கு."

"பொண்ணு கல்யாணத்தன்னைக்கா?"

"நக்கோ மா, அதை ஏன் கேக்குற! காலையிலேர்ந்து ரெண்டு தடவை போயிட்டு வந்துட்டார். கேஸ் அடுப்பை மூடினோமா, பூட்டைப் பூட்டினோமா... பூட்டிட்டு இழுத்துப் பார்ப்பார், தெருமுனை வரைக்கும் போயிட்டுத் திரும்பி வருவார். முந்தி இப்படி இல்ல. உங்க பட்டறையில என்னமோ ஃபேனை எப்போ திருப்பினோம்னு மறந்துட்டாராமே... அதுலேர்ந்துதான். 'காலையிலயே திருப்பினதா அவ்ளோ தெளிவா ஞாபகம் இருந்துச்சு சுலோ, ஆனா டீக்கு அப்புறம்தான் திருப்பினேனாம். இனிமே என் மூளையை நான் எப்படி நம்புறது'ன்னு கேட்டார். டாக்டர் ஒண்ணும் இல்லன்னுட்டார். இவர்தான் கேக்க மாட்டேங்கிறார்."

இலையில் ஜாங்கிரி இருந்தது. எடுத்ததை அப்படியே திரும்ப வைத்தேன்.

நான் விசிறியின் மேல் பழி போட்டதாக அல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தேன்? விசிறிக்கு என்ன... அது கல்யாணம் கல்யாணமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒரு மனிதர் தன் கண்ணால் பார்த்ததை, தன் கையால் செய்ததை நம்பிக்கொண்டிருந்தார். அந்த நம்பிக்கையை நான் பிடுங்கிப்போட்டேன். நீங்க மறந்திருப்பீங்க... எவ்வளவு சின்ன வாக்கியம்!

கல்யாணக் களேபரம் அடங்கட்டும் என்று காத்திருந்து, அவர் வீட்டுக்கே போனேன். ஒன்றையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். ஊதுபத்தி, முப்பத்தைந்து, கம்ப்ரசர், ஜோஸ்பின்... அழுதுகொண்டே சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"சுலோ, நீ இவகிட்ட ஏதாச்சும் சொன்னியா? பாரு, என் மனசைத் தேத்துறதுக்குப் புதுக் கதை கட்டிட்டு வந்திருக்கா!"

நம்பவில்லை! நான் சத்தியம் செய்தேன். அவர் சிரித்து, எனக்குக் காபி கொடுக்கச் சொன்னார்.

விடுவேனா? ஞாயிற்றுக்கிழமை காலை பட்டறைக்கு வரச் சொன்னேன். நரசிங் சாரிடம் சாவி வாங்கி வைத்திருந்தேன். அண்ணன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உற்சாகமாக வந்து நின்றார். உருண்டையைப் பதினைந்தில் நிறுத்தி ஒரு தையல் போட்டேன். வெள்ளி மாதிரி வந்தது. முப்பத்தைந்துக்கு ஏற்றி, அதே தகட்டில், அதே கையால் இன்னொன்று போட்டேன். கறுத்து, ஓட்டை விழுந்தது. விசிறி ஒன்றுகூட ஓடவில்லை. ஷட்டர் அசையவில்லை.

"பார்த்தீங்களாண்ணே? ஃபேனே இல்ல! கேஸ் ஜாஸ்தியானதுதான் காரணம்! நீங்க காலையிலேயே திருப்பிட்டீங்க. நான் பார்த்தேன். உங்களுக்கு ஞாபகம் இருந்தது சரிதான்!"

அவர் தகட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். விரலால் ஒவ்வோர் ஓட்டையாகத் தடவினார்.

"அடேங்கப்பா..." என்றார். "ஃபேன் இல்லாமலே இவ்ளோ ஓட்டை! அப்போ அன்னைக்கு என் ஃபேனும் சேர்ந்து அடிச்சப்போ நீ எவ்ளோ கஷ்டப்பட்டிருப்ப மா!"

நான் என்ன செய்வேன், சொல்லுங்கள்? சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அவர் எதை நினைத்துச் சிரித்தாரோ தெரியாது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"நீ நல்ல பொண்ணு ரேவதி. உன் மேலயே பழி போட்டுக்கிட்டு வந்து நிக்கிற. ஆனா நக்கோ மா... எனக்கு வயசாகுது, மறதி வருது. அது உன் கேஸாலயா வருது?"

என் பொய்யை நம்புவதற்கு அவருக்கு ஒரு நொடி போதுமானதாக இருந்தது. என் உண்மையை நம்புவதற்கு எத்தனை காலம் வேண்டுமோ! அல்லது வயது காரணமாகவும் இருக்கலாமோ? என்னால் அல்லாமல் தானாகவே வந்திருக்குமோ? இப்படி நினைத்துப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆசையாக இருக்கிறது என்பதாலேயே நினைக்கப் பயமாகவும் இருக்கிறது.

சிலிண்டரை அவரே மூடினார். விளக்கை அணைத்தார். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத் தன் வண்டி வரைக்கும் போனவர், சாவியைப் போடாமல் நின்றார்.

"சிலிண்டரை மூடினேனா மா?"

"மூடிட்டீங்கண்ணே. நான் பக்கத்துலயே நின்னு பார்த்தேன்."

"ஹவ், மூடியிருப்பேன்" என்றார். தலையை ஆட்டிக்கொண்டே என்னைத் தாண்டி நடந்து, குனிந்து ஷட்டருக்கு அடியில் நுழைந்து, இருட்டுக்குள் போனார்.